அண்ணாச்சி சொல்வதா, கூட்டம் போடுவதா, சீட்டு எழுதுவதா?

பம்பாயில், தாராவியின் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் நான் கணக்குப் பார்க்கும் மாவுக் கம்பெனி இருக்கிறது. இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பவுச்சில் அடைத்து, சயான், மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குப் போடுகிறார்கள். 22 பேர் வேலை பார்க்கிறார்கள். முதலாளிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், அதனால் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். போன மழைக்காலம் ஓய்ந்த கையோடு அவருக்கு ஒரு யோசனை வந்தது: பாலம் தாண்டி நவி மும்பையில் இருக்கும் வாஷியில் இன்னொரு கிச்சன். இடம் பார்த்தாயிற்று, டிபாசிட்டும் பேசியாயிற்று. "போடலாமா வேண்டாமான்னு கணக்குப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

பார்த்தேன். மாதம் இத்தனை கிலோ போனால் லாபம், அதற்குக் கீழே இறங்கினால் கையிலிருந்து போட வேண்டியதுதான் என்றது எக்செல். அந்த 'இத்தனை' வாஷியில் போகுமா என்று எக்செல்லுக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் பேச வேண்டியது வாஷியைப் பற்றி மட்டுமல்ல. இப்படிப்பட்ட ஒரு விஷயத்தை யார், எந்த முறையில் முடிவு செய்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிறுவனங்களில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம்.

எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது. அண்ணாச்சி தானே முடிவெடுப்பது. எல்லோரையும் கூட்டிப் பேசுவது. வெளியிலிருந்து விவரமான ஆளைக் கூப்பிடுவது. ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்துத் தனித்தனியாக எழுதி வாங்குவது.

அண்ணாச்சியின் கை

முதல் வழியைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன், ஏனென்றால் அவர் காலை நாலு மணிக்கு ஊறின உளுந்துக்குள் கையை விடுவதைப் பார்த்திருக்கிறேன். ரெண்டு உளுந்தை எடுத்து நகத்தால் கிள்ளுவார். "இன்னும் அரைமணி" என்பார், அல்லது "போடு" என்பார். நாளைக்கு எத்தனை கிலோ அரைப்பது என்பதும் அவர் வாய்ச்சொல்தான். மழை வருமா, நாளைக்கு ஏகாதசியா, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருக்கிறதா என்று என்னென்னவோ பார்த்து ஒரு எண் சொல்வார். விற்காமல் திரும்பி வரும் பவுச்சை நான்தான் எழுதுகிறேன். அவர் சொன்ன எண் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரிக் கைப்பழக்கத்தை ஆராய்ந்தவர் கேரி க்ளைன் என்கிற அமெரிக்க உளவியலாளர். தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. தண்ணீர் அடிக்கிறார்கள், அடங்கவில்லை. அறையில் சூடு அதிகம், ஆனால் சத்தமே இல்லை. தலைவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வந்ததும் தரை இடிந்து உள்ளே போனது. தீ கீழே நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ ஞானதிருஷ்டி என்றே அவர் நம்பினாராம்.

இதற்கு நேரெதிர் முகாமில் இருந்தவர் டேனியல் கானமன், 2002-இல் பொருளாதார நோபல் பெற்றவர். நிபுணர்களின் உள்ளுணர்வு எத்தனை இடத்தில் சறுக்குகிறது என்று காட்டியே பேர் வாங்கியவர். இந்த ரெண்டு பேரும் சில வருஷம் சேர்ந்து வாதாடி 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போடத்தான் உட்கார்ந்தார்கள், சமாதானத்தில் முடிந்தது. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதற்கு ரெண்டு நிபந்தனை வைத்தார்கள். அந்த வேலையில் ஒரு ஒழுங்கு திரும்பத் திரும்ப வர வேண்டும். செய்தது சரியா தப்பா என்று பார்த்துப் பழக வாய்ப்பு இருக்க வேண்டும்.

இதை மாவுக்கு வைத்துப் பாருங்கள். அண்ணாச்சி வருஷத்தில் 365 நாளும் பரீட்சை எழுதுகிறார், மறுநாளே மார்க் வந்துவிடுகிறது. வாஷியில் கிச்சன் போடுவதோ அவர் வாழ்க்கையில் முதல் தடவை. சரியா தப்பா என்று தெரிய ரெண்டு வருஷம் ஆகும். அப்போதும் கிச்சன் படுத்தால் அதற்குக் காரணம் இடமா, ஆளா, மழையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உளுந்தில் இருந்த அதே கைதான், ஆனால் இங்கே அது பழகாத கை.

தானே முடிவெடுப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு, எடுத்த முடிவை விட மனசு வராது. முன்பு நான் கணக்குப் பார்த்த இன்னொரு சாப்பாட்டுக் கம்பெனியில் முதலாளி ஒரு ஆட்டோமேட்டிக் பேக்கிங் மெஷின் வாங்கினார். அவராகவே பார்த்து, அவராகவே அட்வான்ஸ் கொடுத்தார். மாவு புளிக்கும்போது காற்று கிளம்பிப் பவுச் உப்பும், அந்த மெஷின் போட்ட சீல் அதைத் தாங்கவில்லை. ஆளை வரவழைத்து சரி பார்த்தார்கள், செலவு. வேறு தடிமனில் பிளாஸ்டிக் ரோல் வாங்கினார்கள், மறுபடி செலவு. மெஷின் கடைசியில் மூலையில் நின்றது, அதன் தலையில் காலி அரிசிச் சாக்கு. ஒவ்வொரு தடவையும் செக்கை எழுதியவன் நான். எழுதும்போதே தெரியும், வாயைத் திறக்கவில்லை. பாரி ஸ்டா என்பவர் 1976-இல் வணிகவியல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். ஒரு கம்பெனியின் எந்தப் பிரிவுக்குப் பணம் போடுவது என்று சிலரையே முடிவெடுக்கச் சொல்லி, மற்றவர்களுக்கு வேறொருவர் எடுத்த முடிவைக் கொடுத்து, பிறகு அந்தப் பிரிவு தேறவில்லை என்று தகவல் கொடுத்தார். அடுத்த சுற்றில், முதல் முடிவைத் தானே எடுத்தவர்கள்தான் அதே பிரிவில் கூடுதலாகப் பணத்தைக் கொட்டினார்கள்.

டீயும் தலையாட்டலும்

சரி, கூட்டம் போடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிரைண்டரெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அரிசி மூட்டை மேலேயும் கவிழ்த்துப் போட்ட டப் மேலேயும் உட்காருவோம். டீ வரும். அண்ணாச்சி ஆரம்பிப்பார்: "வாஷில ஒண்ணு போட்டுரலாம்னு இருக்கேன். என்ன சொல்லுதிய?"

அந்த முதல் வாக்கியத்தோடு கூட்டம் முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் டீ குடிப்பதுதான்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கோடு. அதே நீளமுள்ள கோட்டை மூன்றிலிருந்து காட்ட வேண்டும், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருப்பவர்கள் எல்லோரும், முன்கூட்டியே பேசிவைத்தபடி, தப்பான கோட்டைக் காட்டுகிறார்கள். உண்மையில் சோதிக்கப்படும் ஒரே ஆள் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். இதைச் சொல்பவர்கள் பலர் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்: கூட்டத்தில் இன்னொரே ஒரு ஆள் சரியான கோட்டைக் காட்டினால் போதும், இவருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் அந்த இன்னொரு ஆள் கிடையாது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாங்கள். போதாததற்குச் சம்பளம் கொடுப்பவரும் அவர்.

படித்த கூட்டமாக இருந்தால் மாறிவிடுமா? 1961 ஏப்ரலில் கென்னடியின் அரசு கியூபாவுக்குச் சுமார் 1,400 நாடு கடந்த கியூபர்களை அனுப்பிப் படையெடுத்தது. மூன்றே நாளில் நொறுங்கியது. அந்தத் திட்டத்தைப் பேசிய அறையில் அமெரிக்காவின் மகா புத்திசாலிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், அந்தக் கூட்டங்களில் வாய் மூடி இருந்ததற்குப் பின்னால் வருந்தி எழுதினார். இதையெல்லாம் ஆராய்ந்துதான் இர்விங் ஜேனிஸ் என்ற உளவியலாளர் 1972-இல் 'குழுச் சிந்தனை', அதாவது ஒத்துப்போகும் ஆசையில் குழு யோசிப்பதையே விட்டுவிடுவது, என்ற கருத்தை விரிவாக எழுதினார். கென்னடி பாடம் படித்துக்கொண்டார் என்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் கியூபாவில் சோவியத் ஏவுகணை நெருக்கடி வந்தபோது சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகவில்லை, மற்றவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று.

கூட்டத்தின் இன்னொரு கோளாறு சத்தமில்லாதது. 1985-இல் ஸ்டாசர், டைடஸ் என்ற இருவர் கண்டது இது: ஒரு குழு உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தையே மாற்றி மாற்றிப் பேசுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேஜைக்கே வருவதில்லை. எங்கள் இடத்தில் வாஷி வாடகை எல்லோருக்கும் தெரியும், அதையே முக்கால் மணி நேரம் பேசுவோம். காலையில் மான்குர்ட் தாண்டிப் பாலத்தில் டெம்போ எவ்வளவு நேரம் நிற்கும் என்பது டெலிவரி ஓட்டும் பையனுக்கு மட்டும் தெரியும். அவன் வாசல் பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

கூட்டத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. தன்னைக் கேட்டு எடுத்த முடிவு என்றால் ஆட்கள் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். கேட்டார்கள் என்று தோன்றினாலே பாதி வேலை ஆகும்.

போய்சர் வரை போய்ப் பார்த்தவர்கள்

மூன்றாவது வழி வெளியாள். இதில் நம்ம பம்பாய்க்குப் பக்கத்திலேயே உலகப் புகழ்பெற்ற ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது, இங்கே பல பேருக்குத் தெரியாது. வெஸ்டர்ன் லைனில் விரார் தாண்டிப் போய்சரில் இறங்கினால் தாராபூர். அங்கேயும், குஜராத் எல்லை தாண்டி உமர்காவிலும் இருக்கும் நெசவு ஆலைகளில் நிக்கலஸ் புளூம் என்ற பொருளாதார ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த சோதனை அது. 17 கம்பெனி, 28 ஆலை. குலுக்கல் போட்டுப் பாதி ஆலைகளுக்கு மாதக்கணக்கில் இலவசமாக மேலாண்மை ஆலோசகர்களை அனுப்பினார்கள். ஆலோசகர்கள் சொல்லிக் கொடுத்தது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மெஷினைக் கெட்டுப்போவதற்கு முன்னாலேயே பார், துணியில் விழும் பழுதைத் தினமும் எழுது, நூல் எந்தக் கலரில் எவ்வளவு இருக்கிறது என்று எழுது, தரையைப் பெருக்கு. மொத்தம் 38 பழக்கங்கள். முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. 2013-இல் முடிவு வெளியானது.

இத்தனை எளிய விஷயத்தை ஏன் முன்பே செய்யவில்லை? பல முதலாளிகள் 'எங்க தரம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு எழுதணும்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பழுதை எண்ணாதவருக்குத் தன்னிடம் பழுது இருப்பது எப்படித் தெரியும்? கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்த இடத்தை நான் ரெண்டு தடவை படித்தேன்.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் வேறு. ஒரு ஆலை எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைத் தீர்மானித்ததில் முக்கியமானது நிர்வாகத் திறமை இல்லை. குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதுதான். வெளியாளை நம்பி ஆலையை விட மனசு வராது, மகனோ தம்பியோ இருந்தால்தான் ரெண்டாவது ஆலை. நான் உடனே வாஷியை நினைத்தேன். அங்கே யார் உட்காருவது? அண்ணாச்சி மனசில் இருந்தது அவர் மச்சான்.

சோதனை நடந்து ஒன்பது வருஷம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பழகிக்கொண்டதில் பாதியை விட்டிருந்தார்கள். முக்கியக் காரணங்கள், மேனேஜர் மாறியதும் முதலாளிக்கு நேரமில்லாததும். இருந்தாலும் ஆலோசனை கிடைக்காத ஆலைகளை விட நல்ல நிலையில்தான் இருந்தன.

22 பேர் கம்பெனிக்கு ஆலோசகர் சரிப்படாது. அவர் ஃபீஸில் ஒரு கோல்டு ரூம் போட்டுவிடலாம். நூறு பேருக்கு மேல் வைத்து நடத்துபவர்கள், அதுவும் எதையும் எழுதி வைக்கும் பழக்கமில்லாதவர்கள், யோசிக்கலாம்.

நாலாவது வழி

1907-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி ஒரு குறிப்பு எழுதினார். பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்த பின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு சீட்டு. தேறிய 787 சீட்டுகளையும் வரிசையாக அடுக்கி நடுச் சீட்டை எடுத்தால் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. கசாப்புக்காரரும் சொன்னார், ஒன்றுமே தெரியாதவரும் சொன்னார், ஆளாளுக்கு ஒரு பக்கம் தப்பியதால் தப்பும் தப்பும் கழிந்துபோனது. ஒருவர் மைக்கைப் பிடித்து 'ஆயிரத்து ஐந்நூறு இருக்குமப்பா' என்று முதலில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. 1950-களில் அமெரிக்காவின் ராண்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஒலாஃப் ஹெல்மரும் இதையே ஒரு முறையாக்கினார்கள். நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதுவார்கள், பேர் போடாமல் தொகுத்துத் திருப்பிக் காட்டுவார்கள், மறுபடி எழுதுவார்கள். டெல்ஃபி முறை என்று பேர்.

ஆள் எடுக்கும் விஷயத்துக்குச் சீட்டில் இன்னொரு வகை உண்டு. கானமன் 21 வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் வேலை பார்த்தபோது, இன்டர்வியூ செய்பவர்களின் 'ஆளைப் பார்த்தாலே தெரியும்' முறையை மாற்றினார். ஆறு குணம், ஒவ்வொன்றுக்கும் தனியாக 1 முதல் 5 வரை மார்க். எங்களை ரோபோ ஆக்குகிறாய் என்று அவர்கள் கோபப்பட்டார்கள். சரி, எல்லா மார்க்கும் போட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மனசு சொல்வதையும் ஒரு மார்க்காகப் போடுங்கள் என்றார். மார்க் கூட்டல் பழைய முறையை விட நன்றாகவே வேலை செய்தது. வேடிக்கை, கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் தேறியது. மனசு சொல்வதைக் கடைசியில் கேட்டால் அதற்கும் மரியாதை உண்டு.

எங்களுக்கு நான் எடுத்துக்கொண்டது கேரி க்ளைன் 2007-இல் எழுதிய ஒரு உத்தி. அதன் ஆங்கிலப் பேரைத் தமிழாக்கினால் சாவுக்கு முன்னாலேயே பிரேதப் பரிசோதனை என்று வரும், கம்பெனியில் அப்படிச் சொன்னால் செருப்படி விழும். கேள்வியை மட்டும் சொன்னேன்: "இன்னைக்கு அடுத்த வருஷம்னு வெச்சுக்குங்க. வாஷி கிச்சனை இழுத்து மூடிட்டோம். ஏன் மூடினோம்?" போடலாமா என்று கேட்டால் ஆட்கள் அண்ணாச்சி முகத்தைப் பார்ப்பார்கள். மூடியாயிற்று என்று சொல்லிவிட்டால் காரணம் கண்டுபிடிப்பது கெட்டிக்காரத்தனம் ஆகிவிடுகிறது.

சீட்டு என்றதும் டெலிவரிப் பையன் மாதச் சீட்டு பிடிக்கிறோம் என்று நினைத்து "எவ்வளவு கட்டணும்?" என்றான். அண்ணாச்சி, "குடவோலையா தம்பி?" என்றார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது வாக்கெடுப்பு இல்லை, தகுதியுள்ளவர்கள் பேரைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது என்று ஆரம்பித்தேன். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் தகுதி இழப்பார்கள் என்று அதில் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். மச்சான் சிரிக்கவில்லை.

ஏழு பேருக்குக் கொடுத்தேன். ரெண்டு நாள் அவகாசம். தமிழில் எழுதியவர்கள் மூன்று பேர். இங்கேயே பிறந்த டெலிவரிப் பையன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினான், ஒருவர் இந்தியில். அரவை பார்க்கும் அக்காவும் பவுச் அடுக்கும் பாட்டியும் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில் டைப் அடித்து, பேர் இல்லாமல் ஒரு தாள். செலவு ஒன்றுமில்லை, என்னுடைய ஒரு ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வாசித்தேன். அண்ணாச்சி கடைசியில்தான் பேசுவது என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். டீ கிளாஸை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சீட்டில், கடைக்காரர்கள் ஏழு மணிக்குள் மாவு கேட்பார்கள், நமக்கு அந்த நேரத்துக்கு அங்கே ஆள் இல்லை என்றிருந்தது. ஒன்றில், "மச்சானுக்கு அங்க போக இஷ்டமில்ல. யாரும் கேக்கவும் இல்ல." மச்சான் தரையைப் பார்த்தார். கடைசிச் சீட்டு: "தண்ணி வேற, புளிக்கிற நேரம் வேற. பதம் பாக்க ஆள் வேணும். என்னைய அங்க போகச் சொன்னா நான் நின்னுருவேன், எனக்குப் பிள்ளைய ஸ்கூல்ல விடணும்." பேர் இல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் கணக்கில் 'அரவை: பழைய ஆள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வாஷிக் கிச்சன் முழுக்க அந்த ஒரு அக்காவின் கையில் நின்றுகொண்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், எந்த வழியும் எல்லாவற்றுக்கும் ஆகாது. தினம் எத்தனை கிலோ என்பதற்குச் சீட்டு எழுதினால் பைத்தியக்காரத்தனம், அது அண்ணாச்சி கையில் இருக்கட்டும். சூப்பர்வைசர் எடுக்க வேண்டுமா, குணத்துக்கு ஒரு மார்க், கடைசியில் மனசு. பெரிய தொகை, முன்பு செய்யாத வேலை, இறங்கினால் ஏற முடியாத கிணறு என்றால் முதலில் சீட்டு, பிறகு கூட்டம், முதலாளி கடைசியில். முடிவு அவருடையதுதான், பணம் அவருடையது. சீட்டுக்கும் குறை உண்டு. பயம் தடித்த இடத்தில் பேர் இல்லாமலும் எழுத மாட்டார்கள். எல்லாச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு நினைத்ததையே செய்யும் முதலாளி, அடுத்த தடவை வெள்ளைத் தாளைத்தான் வாங்குவார்.

இன்னொன்று, எவ்வளவு இருந்தால் போதும் என்பதை முன்னாலேயே எழுதிவிடுவது நல்லது. மனிதனால் எல்லா வழியையும் அலசி உச்சத்தைப் பிடிக்க முடியாது, போதுமென்ற இடத்தில்தான் நிற்கிறான் என்று சொன்ன ஹெர்பர்ட் சைமனுக்கு 1978-இல் நோபல் கொடுத்தார்கள். அந்தப் 'போதும்' எது என்பதைப் பின்னால் தீர்மானித்தால் அது வசதிக்குத் தகுந்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும்.

அண்ணாச்சி அன்றைக்கு ஒரு கேள்விதான் கேட்டார்: "டிபாசிட் வெள்ளிக்கிழமைதான குடுக்கணும்?" கொடுக்கவில்லை. தாராவியிலேயே அரைத்து, ராத்திரியே டெம்போவில் ஏற்றி, வாஷியில் 25 கடைக்குப் போட்டுப் பார்ப்பது. ஆறு மாதம் கழித்து அதில் 20 கடை விடாமல் வாங்கி நிலைத்து நின்றால் இடம் பார்ப்பது. எண்ணைத் தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினேன். அதற்குள் அக்காவிடம் இன்னொரு பெண் பதம் பழக வேண்டும்.

இது மூன்றாவது மாதம். 18 கடை நிற்கிறது. போன வாரம் பழகும் பெண் அரைத்த மாவில் 40 பவுச் திரும்பி வந்தது. அக்கா ஒன்றைக் கிழித்து மோந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்ப எப்பம்ல போட்ட?" என்றார்.